ஐந்து நாள் மனித முகம் பார்க்காதவன்

ஜூலை 28, திங்கள்

மீன் ஆலையில் எட்டு மணி நேரம் புழு எடுத்தேன். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் தோலுரித்த காட் மீன் துண்டு, சதைக்குள் சுருண்டு கிடக்கும் பழுப்பு நூல். இடுக்கியால் பிடி, இழு, தட்டில் போடு, அடுத்த துண்டு. பக்கத்து மேசையில் யோருன் "இன்னைக்கு சேமியா ஜாஸ்தி" என்றாள். அதே நகைச்சுவையை வாரத்துக்கு மூன்று தடவை சொல்கிறாள். நானும் மூன்று தடவை சிரிக்கிறேன்.

மாலை ஊராட்சியிலிருந்து ஊனி வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், முப்பது வயதிருக்கும், எப்போதும் ஓடிவந்தவள் மாதிரி பேசுவாள். தீவை மேற்கிலிருந்து வடகிழக்குவரை கடக்கும் ஒரு நடைபாதையை ஊராட்சி அறிவிக்கப்போகிறதாம். கையேடு, பலகை எல்லாம் உண்டு. பெயர்: ஹெர்லைவ் பாதை.

ஹெர்லைவ் என் கணவன், இளமையில் அந்த வழியைத் தனியாக நடந்தவன். அவன் முகம் சிவந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

"யாராவது ஒருத்தர் முழுசா நடந்து, நீங்க போன இடத்தையெல்லாம் ஜிபிஎஸ்ல குறிச்சு, போட்டோ எடுத்துட்டு வரணும்" என்றாள் ஊனி. "உங்க முட்டி இப்போ ஒத்துழைக்காதுன்னு தெரியும்…"

"நான் போறேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஐம்பத்தேழு வயது, புழு எடுப்பவள். சரி. போவேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு வாரமாக அவன் என்னைத் தடுக்கிறான். பை கனம். வயசாச்சு. ஈ கடிக்கும். ஊராட்சி ஒரு இளவட்டத்தை அனுப்பட்டுமே. நேற்று என் பூட்ஸின் அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்துவிட்டு "இது தாங்காது" என்றான். தாங்கும். போன வருடம்தான் வாங்கினேன்.

இன்று சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பென்சிலை அவன் கையில் கொடுத்தேன். "போன வழியை வரைஞ்சு காட்டு."

அவன் கதை எனக்கு மனப்பாடம். 1986 செப்டம்பர், அவனுக்கு இருபத்துமூன்று வயது. தனியாக ஐந்து நாள். இரண்டாம் நாளே புயல், கூடாரம் கிழிந்தது, சாப்பாடு நனைந்து நாசம். கடற்பறவை முட்டையை உடைத்துப் பச்சையாகக் குடித்தான். கறுப்பு ஏரிக்கு மேலே ஏறி, கிழக்குப் பிளவு வழியாக ஒரு மணி நேரத்தில் பழைய குடாவுக்கு இறங்கினான். ஐந்தாம் நாள் வடகிழக்கு முனையிலுள்ள லாங்ஸ்ட்ரான் துறைக்குத் தன் காலால் நடந்து வந்தான். செய்தித்தாளில் தாடியோடு படம். கதையின் கடைசி வரியை எப்போதும் குரலைத் தாழ்த்திச் சொல்வான்: "அஞ்சு நாள். ஒரு மனுஷ முகத்தைக்கூடப் பாக்கல."

கிறிஸ்துமஸ், பிள்ளைகளின் தேவாலய உறுதிப்பூசுதல் விருந்து, என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள். எங்கும் இந்தக் கதை. நான் காபி ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன். எங்கே நிறுத்துவான், எங்கே மூச்சு வாங்குவான் என்று எனக்குத் தெரியும்.

பிளவுக்கு வந்ததும் பென்சிலைத் தூக்கினான், மறுபடி வைத்து வரைந்தான். நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்தேன். தோளைத் தொட்டேன்.

"பிளவுல மட்டும் பாத்துப் போ" என்றான்.

ஆகஸ்ட் 9, சனி — முதல் நாள்

சாலை முடியும் இடத்தில் இறக்கிவிட்டான். கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. "முடியலன்னா திரும்பிடு, அதுல வெக்கமே இல்ல" என்றான். இரண்டு முறை சொன்னான்.

பிறகு ஏழு மணி நேரம் சதுப்பு. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகிறது, எடுத்தால் ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம், அழுகிய முட்டை வாடை. காற்று நின்றதும் ஈ. கொசுவைவிடச் சின்னது, கண்ணோரம், காதுக்குள், மூக்குக்குள் புகுகிறது. ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து வாயருகே கொண்டுபோவதற்குள் அதன்மேல் நாற்பது ஈ. துடைக்கப் பார்த்தேன், அப்பிக்கொண்டது. அப்படியே தின்றேன். மிளகுத்தூள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடாரம் போட்டாயிற்று. சாக்ஸைக் கழற்றினால் என் காலா இது என்று இருக்கிறது. வெளுத்து, சுருங்கி, உப்புத் தொட்டியில் ஊறவைத்த மீன் மாதிரி.

படுத்த பிறகு ஒன்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் ஏது முட்டை?

ஜூன் முடிவதற்குள் குஞ்சு பொரிந்துவிடும். ஆகஸ்டில் குஞ்சுகளும் பறக்க ஆரம்பித்துவிடும். இந்தத் தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அது. எனக்கும் தெரியும். முப்பத்தோரு வருடம் கேட்டிருக்கிறேன், காபி ஊற்றியிருக்கிறேன் — ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தரும் யோசித்ததில்லையா? இல்லை, யோசித்தும் வாயைத் திறக்கவில்லையா?

சின்ன மிகைப்படுத்தல். ஆம்பளைகள் சொல்வதுதானே. தூங்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு — இரண்டாம் நாள்

ஓடையில் தண்ணீர் குடித்தேன். பல்லைக் கூசவைக்கும் குளிர், நல்ல ருசி. இரண்டு குடுவை நிரப்பிக்கொண்டேன். ஒரு வளைவு தாண்டி ஏறினால், அதே ஓடையில் செத்த பனிமான் கன்று. பாதி உடம்பு தண்ணீரில். வயிறு பிளந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிகிறது. அதைத் தடவிக்கொண்டு வந்த தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன்.

வாந்தி எடுத்தேன். வாழ்க்கை முழுக்கப் புழுவைத் தொட்டவள், பாறையில் கை ஊன்றி, கண்ணில் நீர் வழிய. பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. யோருனிடம் சொல்ல வேண்டும்.

மதியத்துக்கு மேல் வேட்டைக்காரர்களின் பழைய குடிசை. அவன் வரைந்த கோடு அதைத் தொட்டுப் போகிறது. கதவைத் திறந்ததும் திரும்பப் பூட்டத் தோன்றியது. மூலையில் பீர் டப்பா, பாதி எரிந்த டயப்பர் (டயப்பர்! இந்த வனாந்தரத்துக்கு யார் கொண்டுவந்தது?), மெத்தையில் எலிப்புழுக்கை, சட்டியில் பச்சைப் பூசணம். சுவர் முழுக்கப் பெயர்கள். வந்து பேண்டுவிட்டுப் பெயரை மட்டும் மறக்காமல் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

1986 செப்டம்பர் 9 என்ற தேதியோடு அவன் பெயரும் இருந்தது. கத்தியால் செதுக்கியது. பார்த்ததும் நெஞ்சு லேசானது. வந்திருக்கிறான். இதுவரைக்கும் வந்திருக்கிறான். போட்டோ எடுத்தேன்.

வெளியேதான் கூடாரம் போட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள் — மூன்றாம் நாள்

எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

கறுப்பு ஏரிக்கு மேலே பதினொரு மணிக்கு வந்தேன். மழைத்தூறல். அவன் கோடு ஏரியின் கிழக்கு முனையில் ஒரு பிளவுக்குள் போகிறது. பிளவு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் படிக்கட்டு மாதிரி நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. இறங்கினேன். முதல் நூறு மீட்டர் புல், கல், நல்ல பிடி. பிறகு பறவை எச்சம். கால் வைக்கும் இடமெல்லாம் வழவழவென்று வெள்ளைச் சேறு. நாற்றம் கண்ணை எரித்தது. ஒரு திருப்பம். அதற்கப்புறம் இல்லை. எதுவுமே இல்லை. பாறை வெட்டிவிட்டதுபோல் நின்றது. கீழே அறுபது எழுபது மீட்டர் ஆழத்தில் கடல் நுரைத்துக்கொண்டிருந்தது.

வழுக்கியது அப்போதுதான்.

ஊன்றுகோல் போய்விட்டது. அது விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பை ஒரு துருத்தலில் மாட்டிக்கொண்டதால் நான் நின்றேன். அந்த எச்சத்துக்குள் முகம் புதைய, விரல் நகம் பிய்ந்து, எவ்வளவு நேரம் கிடந்தேனோ. ஒரு கடற்பறவை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நகர்ந்தால் செத்தேன், நகராவிட்டாலும் செத்தேன் என்று தெளிவாகத் தோன்றியது. அழவில்லை. ஓங்கரிப்புதான் வந்தது.

தவழ்ந்து மேலே வர இரண்டு மணி நேரம்.

ஏரியில் முகம் கழுவினேன். கழுவக் கழுவ வாடை போகவில்லை. முடியில், கழுத்தில், பல்லில்.

அந்தப் பாறையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சரிந்த பாறை இல்லை. கறுத்து, உள்ளங்கை அகலம் பாறைப்பாசி படர்ந்த பாறை. அந்தப் பாசி அந்த அளவு வளர நூறு வருடம் ஆகும். அந்த வழியே யாரும் இறங்கியதே இல்லை.

அவன் பென்சிலை எடுத்தான். கோடு போட்டான். அந்தக் கோட்டில் என்னை அனுப்பினான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய் — நான்காம் நாள்

மேட்டில் ஏறியதும் ஃபோனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. கூப்பிட்டேன்.

"டோர்டிஸ்! எங்க இருக்க? நல்லா இருக்கியா?"

"பிளவுல இறங்கினியா நீ?"

தொண்டையைச் செருமினான். பிறகு: "காத்து சத்தமா இருக்கு, சரியா கேக்கல."

"கேக்குது உனக்கு."

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.

"நீ அவ்வளவு தூரம் போவேன்னு நெனைக்கலம்மா. ரெண்டாம் நாளே திரும்பிடுவேன்னு நெனச்சேன்."

அணைத்துவிட்டேன்.

ரெண்டாம் நாளே திரும்பிடுவேன்னு நெனச்சானாம். அதாவது நான் தோற்றுப்போவேன் என்று நம்பி அனுப்பியிருக்கிறான். தோற்றால் அவன் கதை பிழைக்கும். தோற்காவிட்டால்? அதை யோசித்தானா? யோசித்துவிட்டுத்தான் சாலை முனையில் அப்படிக் கட்டிப்பிடித்தானா? அந்தக் கட்டிப்பிடிப்பை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிறது. இவனோட சட்டையைத் துவைச்சேன், இவன் முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சேன், சீ.

திரும்பிப் போக இரண்டு நாள். முன்னே போக மூன்று நாள். வழி தெரியாது.

திரும்பமாட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன் — ஐந்தாம் நாள்

பிளவை விட்டுவிட்டு ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றி, கழுத்து மாதிரியான ஒரு தாழ்வில் இறங்கினேன். பெரிய பெரிய கற்கள், ஒவ்வொன்றும் ஆடுகிறது. ஊன்றுகோல் இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். கால்சட்டையின் பின்பக்கம் போய்விட்டது. ஆறு மணி நேரம் ஆனது. ஆனால் இறங்கலாம். மனிதர் இறங்கக்கூடிய வழி அது. ஒவ்வொரு திருப்பத்தையும் குறித்துக்கொண்டேன்.

பழைய குடா. போருக்குப் பிறகு ஆள் இல்லாத இடம், வீடுகளின் அஸ்திவாரக் கல் மட்டும் புல்லுக்குள். கரை முழுக்கக் குப்பை. மீன்பெட்டி, மிதவை, பச்சை வலை, எங்கள் ஆலையில் போடுவது போன்ற நீலக் கையுறைகள். நூற்றுக்கணக்கில். விரல்கள் ஊதிப்போய்க் கிடந்தன. ஒரு கையுறைக்குள் நண்டு.

புகை வாடை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூம்புக் கூடாரம், நான்கு சக்கர வண்டி, ஒரு படகு. கோடையில் பனிமான் மேய்க்க வரும், சாமி என்னும் வடபுலப் பழங்குடியைச் சேர்ந்த குடும்பம். வெளியே ஒரு பெண் எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பறவைக் கூட்டுல தூங்கினியாம்மா?"

"கிழக்குப் பிளவுல இறங்கப் பாத்தேன்."

எலும்பைக் கீழே வைத்துவிட்டாள். "எந்தப் பைத்தியக்காரன் அங்க போகச் சொன்னான்? நாய்கூட அங்க எட்டிப் பாக்காது."

தண்ணீர் சூடு பண்ணிக் கொடுத்தாள். சோப்பு கொடுத்தாள். நான் தலை கழுவும்போது குவளையால் ஊற்றினாள். பெயர் இங்கா மாரெட். சூப் கொடுத்தாள். மூன்று கிண்ணம் குடித்தேன். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். எங்கள் ஊர் ப்ரெய்விக் என்றேன். கணவன் பெயர் கேட்டாள். சொன்னேன்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அதிர்ச்சி என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

"கோச்சுக்காத" என்றாள். "நாப்பது வருஷமா எங்க வீட்டுல அந்தப் பேரு ஒரு சொலவடை. எவனாவது செய்யாததைச் செஞ்சேன்னு அளந்தா, 'போடா ஹெர்லைவ்'னு சொல்வோம்."

பிறகு சொன்னாள். அப்போது அவளுக்கு இருபது வயது. மூன்றாம் நாள் புயல் கொஞ்சம் ஓய்ந்தபோது, அப்பா, அம்மா, அண்ணனோடு படகில் வந்திருக்கிறாள். இந்தக் கரையிலிருந்து இரண்டு குடா மேற்கே, ஒரு கல்மேல் ஆரஞ்சுச் சட்டை. பக்கத்தில் போனால், ஒரு பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான்.

"விக்கி விக்கி அழறான். எங்கம்மாவைப் பாத்ததும் அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டான். வளந்த ஆம்பள. ஈரத்தைக் கழட்டி, எங்கண்ணன் உள்ளாடையைக் குடுத்து, நடுவுல படுக்க வெச்சோம். நல்லாத்தான் சாப்பிட்டான். நல்ல பையன்தான், ஆமா. என்னைப் பாத்துப் பாட்டெல்லாம் பாடினான். காத்து நின்னதும் அப்பா லாங்ஸ்ட்ரானுக்குப் பக்கத்துல இறக்கிவிட்டாரு. துறையில வேணாம், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற அந்த மூக்குக்கு இந்தப் பக்கமா இறக்குங்கன்னான். மூக்கைச் சுத்தி நடந்து போனான். அதான் அவன் நடை."

"யாருக்கும் சொல்லலியா நீங்க?"

"சொல்லாதீங்கன்னு கேட்டான். அப்பா சரின்னுட்டாரு. அப்புறம் எங்ககிட்ட எவன் வந்து கேட்டான்?" சிரிப்பு போய்விட்டது. அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினாள். "ஆனா பேப்பர்ல வந்ததை அப்பா படிச்சாரு. அஞ்சு நாளா மனுஷ முகமே பாக்கலன்னு போட்டிருந்துச்சு. அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எங்கம்மாவைப் பாத்துக் கேட்டாரு: 'அப்ப நாம என்ன, பனிமானா?'"

எனக்குத் தலை தூக்க முடியவில்லை. அந்த வரியை எத்தனை மேசையில் கேட்டிருக்கிறேன். குரலைத் தாழ்த்தி அவன் சொன்னதும் எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக இருப்பார்கள். நானும். சில சமயம் அதே மேசையில், அடுத்த கோப்பையில், சாமிக்காரர்களைப் பற்றி ஒரு கிண்டல் சொல்வான். அதற்கும் நான் சிரித்திருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீ எதுக்கும்மா? இன்னொரு கிண்ணம் குடி."

ஆகஸ்ட் 14, வியாழன்

படகில் கொண்டுபோய் விடட்டுமா என்று இங்கா மாரெட் கேட்டாள். வேண்டாம் என்றேன். புரிந்துகொண்டாள். ஒரு பழைய ஊன்றுகோல் கொடுத்தாள்.

பதினேழு கிலோமீட்டர். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன். மழை. எதுவும் அழகாக இல்லை. அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி — லாங்ஸ்ட்ரான்

நடந்து வந்தேன். துறைக்கு, மூக்கைச் சுற்றி அல்ல, மலைமேலிருந்து.

காத்திருப்பு அறையில் இரண்டு பேர் என் வாடைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஊர் திரும்ப, ஹாம்மர்ஃபெஸ்ட் போகும் படகு மூன்று மணிக்கு.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டில் கேக் செய்து வைத்திருந்தான். க்ரீமால் "வாழ்த்து" என்று எழுதியிருந்தான்.

பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குளிக்கப் போனேன். நான் வெளியே வரும்போது அவன் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஊனிகிட்ட நீயே சொல்லிடு" என்றேன். "பிளவு பொய்னு. அது கையேட்டுல வந்தா எவனோ ஒருத்தன் பொணமா விழுவான்."

"சொல்றேன்" என்றான். "சொல்றேன் டோர்டி. சத்தியமா."

இங்கா மாரெட்டைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவன் அழுததும், அவள் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அதையும் ஒரு கதையாக்கிவிடுவான் என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லவில்லை. "அடுத்த மாசம் பாதை பத்தின ஊர்க்கூட்டத்துலயே சொல்லிடலாம்னு இருக்கேன்" என்கிறான்.

தையல் அறையில் படுக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சமூகக்கூடத்தில் கூட்டம். நாற்பது பேர், வாஃபிள், காபி. யோருனும் வந்திருந்தாள். ஊனி திரையில் வரைபடத்தைப் போட்டாள். ஹெர்லைவ் எழுந்தான். நல்ல சட்டை.

"ஒரு திருத்தம் சொல்லணும்" என்றான். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "கிழக்குப் பிளவு இப்போ பாதுகாப்பா இல்லன்னு என் மனைவி பாத்துட்டு வந்து சொல்றா. நான் போனப்ப நல்ல வழி. நாப்பது வருஷத்துல பாறை சரிஞ்சிருக்கும்போல. இயற்கை, என்ன பண்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் "மலையும் நம்மள மாதிரிதான், வயசாகுது" என்றார். சிரிப்பு. அவனும் சிரித்தான். பார்த்தேன் — நிம்மதியாகச் சிரித்தான். அந்தச் சுத்தமான சட்டைக்குள், வாயோரம் க்ரீமோடு. பிளவில் என் முகத்தில் அப்பியிருந்த எச்சம்கூட இவ்வளவு குமட்டவில்லை.

ஊனி என் பக்கம் திரும்பினாள். "பாறை சரிஞ்ச மாதிரி இருந்துச்சா, டோர்டிஸ்?"

வெறும் "ஆமா" போதும். கூட்டம் முடிந்து, வீட்டுக்குப் போய், வாழ்க்கை நடக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும்தான்.

"இல்ல" என்றேன். "பாறை சரியவே இல்ல. உள்ளங்கை அகலத்துக்குப் பாசி பிடிச்ச பழைய பாறை. அந்த வழியா எப்பவுமே யாரும் இறங்கினதில்ல. இறங்கவும் முடியாது."

யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தது கேட்டது.

"அப்போ ஹெர்லைவ் எப்படிப் போனான்?" அந்தப் பின்வரிசைக்காரர்தான்.

"அவனைக் கேளுங்க."

யாரும் கேட்பதற்கு முன்பே அவன் நொண்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் கண்டுபிடித்த மேற்குக் கரை வழியை ஊனிக்குக் காட்டினேன். ஒவ்வொரு திருப்பத்தையும் காட்டினேன்.

வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்தான். "இப்போ திருப்தியா?" என்றான்.

இல்லை. திருப்தி இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அவன் சாப்பிடும் சத்தம். கரண்டி பல்லில் படும் சத்தம். எழுந்து போய்விடுகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

இன்று கடையில், பால் எடுக்கும்போது கேட்டது. மூன்று ஆம்பளைகள் கல்லாப் பக்கம். ஹெர்லைவ் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தான். ஒருவன் குரலைத் தாழ்த்தி, அச்சு அசலாக அவனைப்போலவே: "என்ன ஹெர்லைவ், இன்னைக்காவது ஒரு மனுஷ முகம் பாத்தியா?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்கள்தான் முப்பது வருடம் கை தட்டியவர்கள். ஒருவன் எங்கள் பையனின் ஞானத்தந்தை.

ஹெர்லைவ் ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அந்த ரொட்டியையும் சேர்த்து வாங்கினேன். வரிசையில் நிற்கும்போது வெட்கக்கேடான ஒன்றைக் கண்டுபிடித்தேன்: அவர்கள் சிரித்தபோது எனக்குள்ளும் ஏதோ சிரித்தது. கொஞ்சம். அதைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தேன். அதுவும் நெளிந்தது.

ஜனவரி 19, திங்கள்

அவன் கடைக்குப் போவதே இல்லை. விருந்துகளுக்கும். பலகையில் அவன் பெயர் இல்லை, தீவின் பெயர்தான். என் பெயர் போடட்டுமா என்று ஊனி கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அவனைப் பிரியப்போகிறாயா என்று யோருன் கேட்டாள். "தெரியல" என்றேன். "தெரியாததுக்கு ஒரு வருஷமா?" என்றாள். ஐந்து மாதம்தான் ஆகிறது என்று திருத்தினேன். எதற்குத் திருத்தினேன்?

மார்ச் 8, ஞாயிறு

அவன் கொட்டகையில் ஏதோ எழுதிக் கிழித்துப்போடுகிறான். அடுப்பில் போடும்போது ஒரு துண்டு பார்த்தேன். "மதிப்பிற்குரிய" என்று மட்டும். யாருக்கு என்று இல்லை.

கேட்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

பனி முழுக்கப் போய்விட்டது. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஹெர்லைவ் வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ட்ரோம்ஸோவிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், பெரிய பைகளோடு.

"தீவை நடந்து கடந்தவர் வீடு இதுதானே? நீங்கதானா அது?"

கையைத் துடைக்காமல் நின்றுவிட்டேன். ஊர்க்காரர்கள் யாரும் இல்லை. அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பழைய ஹெர்லைவாக இருக்கலாம்.

"இல்ல" என்றான். "நான் கடக்கல."

"பழைய பேப்பர்ல படிச்சோமே. அஞ்சு நாள் மனுஷ முகமே பாக்கலன்னு…"

"பாத்தேன். நாலு முகம் பாத்தேன்." நிறுத்தினான். எனக்குத் தெரிந்த நிறுத்தம் இல்லை இது. வார்த்தை கிடைக்காத நிறுத்தம். "கல்லுமேல உக்காந்து அழுதுகிட்டிருந்தேன். ஒரு சாமி குடும்பம் படகுல வந்து என்னைத் தூக்கிட்டுப் போச்சு. அந்தம்மா பாவாடையை நான் விடவே இல்ல. அவங்க பொண்ணு பேரு இங்கா மாரெட். அவங்க இல்லன்னா செத்திருப்பேன். அதை நான் எங்கயும் சொன்னதில்ல."

ஒருத்தி "ஓ" என்றாள்.

"நடந்தது என் பொண்டாட்டி" என்றான். "உள்ள இருக்கா. இருங்க, கேக்கறேன். வரலாம், வராமலும் போகலாம்."

அவன் அழுததை நான் அவனிடம் சொன்னதில்லை. பாவாடையையும் சொன்னதில்லை. அந்தப் பெயரையும்தான். நாற்பது வருடம் அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருந்திருக்கிறான்.

குழாயை மூடினேன். அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவன் காலை மடக்கிக்கொண்டு படியில் இடம் விட்டான். உட்கார்ந்தேன். கிழக்குப் பிளவின் மேல் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டு, ஏரியின் மேற்குக் கரையிலிருந்து வழி காட்ட ஆரம்பித்தேன். அந்தப் பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

அவனும் எட்டிப் பார்த்தான்.